கம்பி எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?

போன மாசம் மூணு நாள் எனக்குத் தூக்கம் போச்சு மக்களே. காரணம் காதல் இல்லை, ஒரு பூஜ்யம்.

புது போர்டு ஒண்ணு மேசைக்கு வந்துச்சு. ஏ.ஆர்.எம். பிராசஸரும், நாமளே உள்ள சர்க்யூட் எழுதிக்கிற எஃப்.பி.ஜி.ஏ.வும் ஒரே சில்லுல இருக்கிற வகை. எஃப்.பி.ஜி.ஏ. பக்கத்துல சர்க்யூட் எழுதினது இன்னொரு நண்பர், லினக்ஸ் டிரைவர் எழுதினது நான். பொட்டி பூட் ஆகுது. டிரைவர் ஏறுது. ரிஜிஸ்டரைப் படிச்சா வரவேண்டிய எண் வருது. ஆனா ஒரே ஒரு இன்டரப்ட் கூட வரலை. இன்டரப்ட்னா பெரிசா ஒண்ணுமில்லை, காலிங் பெல்தான். "சாமி, வேலை முடிஞ்சது, வந்து எடுத்துக்கோ"ன்னு கருவி பிராசஸருக்கு அடிக்கிற மணி. எத்தனை தடவை மணி அடிச்சதுன்னு லினக்ஸ் கணக்கு வச்சிருக்கும். என் வரிக்கு நேரா 0. டீ குடிச்சிட்டு வந்து பார்த்தாலும் 0.

ரெண்டாவது நாள் சாயங்காலம் பொறுமை போய், "உங்க பக்கத்துல கம்பி இணைக்கப்படலைன்னு நினைக்கிறேன்"னு அந்த நண்பருக்கு ஒரு மெயில் தட்டினேன். மேனேஜருக்கும் ஒரு காப்பி. (இது எவ்வளவு பெரிய பாவம்னு பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரியும்.) தப்பு எங்க இருந்துச்சுன்னு கடைசியில சொல்றேன். அதைத் தேடிப் போனப்ப ஒரு வரலாறு சிக்குச்சு, அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல பிரச்சினை என்னன்னு புரிஞ்சுக்கணும். உங்க வீட்டு ஹால்ல சுவிட்ச் போர்டு இருக்கும். ஆறு சுவிட்ச்ல அஞ்சு எதுக்குன்னு தெரியும். ஆறாவது எதுக்குன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. குடி வந்த நாள்லேர்ந்து யாரும் கண்டுபிடிக்கலை. பல்பை எடுத்துப் பார்த்தா எத்தனை வாட், எந்தக் கம்பெனின்னு அதுமேலயே அச்சடிச்சிருக்கும். ஆனா "நான் எந்த சுவிட்சுக்கு எரிவேன்"னு எந்த பல்பும் சொல்லாது. அது பல்புக்கே தெரியாது! தெரிஞ்ச ஒரே ஆள் சுவருக்குள்ள வயர் இழுத்த எலெக்ட்ரீஷியன். அவர் வேற ஊருக்குப் போயிட்டார்.

கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். ஒரு கருவியால "நான் யார்"னு சொல்ல முடியும். "என் கம்பி எங்க போகுது"ன்னு சொல்ல முடியாது. போர்டு வரைஞ்சவர்தான் சாட்சி. அவர் சாட்சியத்தை எங்க எழுதி வைக்கிறது, எந்த மொழியில, யார் படிக்கிற மாதிரி? நாப்பது வருஷத்துக்கும் மேலா இந்த ஒரு கேள்விக்குத்தான் அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

ஆரம்பத்துல சாட்சியத்தை மனுஷன் தலையிலேயே வச்சிருந்தாங்க. 1981-ல வந்த ஐ.பி.எம். பி.சி.யில இன்டரப்ட் கட்டுப்படுத்துற சில்லு 8259-ஏ, எட்டு கம்பி. 1984-ல வந்த ஏ.டி.யில இன்னொரு 8259-ஐச் சேர்த்து, ஒரு கம்பி ரெண்டையும் கோக்கிறதுக்குப் போக, மிச்சம் பதினஞ்சு. கார்டு வாங்கினா அதுல குட்டி ஜம்பர் இருக்கும். அதைப் புடுங்கி வேற இடத்துல சொருகினா கம்பி மாறும். பிரிண்டர் போர்ட்டுக்கு 7, முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, ரெண்டாவதுக்கு 3ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்களாம். நான் பொறந்தப்ப இந்தக் காலம் முடிஞ்சே போச்சு. எங்க டீம்ல ஒரு சீனியர் இருக்கார், அவர் கொசுவர்த்தி சுத்தினா இதுதான் வரும். "சவுண்ட் கார்டும் பிரிண்டரும் 7-ல மோதிக்கிச்சுன்னா, பாட்டு கேட்டுக்கிட்டே பிரிண்ட் எடுக்க முடியாதுடா தம்பி"ம்பார்.

1992-ல பி.சி.ஐ. வந்துச்சு. இண்டெல் கொண்டு வந்தது. இதுல ஒவ்வொரு கார்டும் தன்னை அறிமுகப்படுத்திக்கும்: தயாரிச்ச கம்பெனிக்கு ஒரு எண், கருவிக்கு ஒரு எண். (இண்டெல் தனக்கு எடுத்துக்கிட்ட எண் 8086. குசும்பு :-)) ஜம்பர் ஒழிஞ்சது, எல்லாம் தானா நடக்கும்னு சொன்னாங்க. பாதி உண்மை. ஒவ்வொரு கார்டுக்கும் ஏ, பி, சி, டின்னு நாலு இன்டரப்ட் கால் வரைக்கும் உண்டு. அதுல எதைப் பயன்படுத்துறேன்னு கார்டு சொல்லிடும். ஆனா ஸ்லாட்டைத் தாண்டி, மதர்போர்டுக்குள்ள, அந்தக் கால் எங்க போகுது? பெரும்பாலான கார்டுக்கு 'ஏ' மட்டும்தான் வேணும். எல்லா ஸ்லாட்டோட ஏ-வையும் ஒரே கம்பியில கட்டினா அங்க மட்டும் நெரிசல். அதனால போர்டு வரையறவங்க சுத்தி விடுவாங்க. முதல் ஸ்லாட்டோட ஏ முதல் கம்பிக்கு, ரெண்டாவது ஸ்லாட்டோட ஏ ரெண்டாவது கம்பிக்கு, இப்படி. எப்படிச் சுத்துறதுங்கிறது அவங்கவங்க இஷ்டம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ஒவ்வொரு பி.சி.ஐ. கருவியிலயும் 'இன்டரப்ட் லைன்'னு ஒரு பைட் உண்டு. அதைப் பார்த்தா கருவியே தன் இன்டரப்ட் எண்ணைச் சொல்ற மாதிரி இருக்கும். உண்மையில அது வெறும் துண்டுச் சீட்டு. பயாஸ் வந்து ஒரு எண்ணை எழுதிட்டுப் போகும், கருவி அதைப் பத்திரமா வச்சிருந்து கேக்கிறவங்களுக்குக் காட்டும். என்ன எழுதியிருக்குன்னு கருவிக்குத் தெரியவே தெரியாது.

அப்ப பயாஸுக்கு எப்படித் தெரியும்? அங்கதான் அட்டவணை வருது. மைக்ரோசாஃப்ட் ஒண்ணு வரையறுத்தாங்க. பயாஸ் உக்காந்திருக்கிற 64 கே.பி. இடத்துல, 16 பைட்டுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கிட்டே போகணும். எங்கயாவது 'டாலர் பி.ஐ.ஆர்.'னு நாலு எழுத்து கிடைச்சா அதுதான் அட்டவணை. ஒரு ஸ்லாட்டுக்கு 16 பைட், நாலு காலும் எந்தெந்தக் கம்பிக்குப் போகுதுன்னு. ஒண்ணுக்கு மேல பிராசஸர் வச்ச மெஷினுக்காக இண்டெல் 1994-ல தனியா இன்னொரு அட்டவணை போட்டாங்க. அதுல ஒரு இணைப்புக்கு 8 பைட். ஆக ஒரே போர்டு, ஒரே கம்பி, ரெண்டு அட்டவணை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்லை. ஒத்துப்போகாம என்ன ஆச்சுன்னு, அந்தக் கால லினக்ஸ் ஆளுங்க பூட் வரியில 'நோஏபிக்'னு தட்டிக்கிட்டு இருந்த கதையைக் கேட்டா தெரியும்.

இப்படி பி.சி. உலகம் பைட்டை ஒளிச்சு வச்சு விளையாடிக்கிட்டு இருந்தப்ப, சன் கம்பெனியில இதை வேற மாதிரி யோசிச்சு முடிச்சிருந்தாங்க. மிட்ச் பிராட்லின்னு ஒரு பொறியாளர். 1989-ல வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1-ல அவரோட 'ஓபன்பூட்' இருந்துச்சு. மெஷினைப் போட்டா 'ஓகே'ன்னு ஒரு குறி வந்து நிக்கும். அங்க ஃபோர்த் மொழியில பேசலாம். மெஷினுக்குள்ள என்னென்ன இருக்குன்னு கேட்டா, ஒரு மரமா விரிச்சுக் காட்டும். வேர், கிளையா பஸ், அதுல கருவி, ஒவ்வொண்ணுக்கும் பேரு, முகவரி, இன்டரப்ட். எல்லாம் மனுஷன் படிக்கிற எழுத்துல! கார்டுகளும் சும்மா இல்லை. பைட்கோடு வடிவத்துல ஒரு குட்டி நிரலைத் தன்னோட கொண்டு வரும், எந்த பிராசஸர்ல சொருகினாலும் ஓடும். இது 1994-ல ஐ.இ.இ.இ. 1275ங்கிற தரமாச்சு. பேரு 'ஓபன் ஃபர்ம்வேர்'. ஆப்பிள் பவர் மேக்ல 1995-லேர்ந்து இதுதான். பி.சி.ஐ. கால்களைச் சுத்தி விடுறாங்கன்னு மேல சொன்னேனே, அதை எழுதறதுக்கு 1996-ல 'இன்டரப்ட்-மேப்'னு ஒரு பண்பு சேர்த்தாங்க. "இந்த ஸ்லாட், இந்தக் கால் வந்தா, அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லோட இந்த எண்"ன்னு வரி வரியா. இன்னைக்கும் அதே பேர்ல, அதே வடிவத்துல நாங்க எழுதிக்கிட்டு இருக்கோம்.

இவ்வளவு நல்ல விஷயம் பி.சி.க்கு ஏன் வரலை? பி.சி. ஆளுங்க வேற பாதை எடுத்துட்டாங்க. 1996 டிசம்பர்ல இண்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ.ன்னு ஒண்ணை வெளியிட்டாங்க. முக்கிய நோக்கம் மின்சாரச் சிக்கனம், லேப்டாப் மூடினா தூங்கணும் இத்யாதி. கூடவே கருவி வர்ணனையும், கம்பி வர்ணனையும் அதுக்குள்ள போச்சு. பி.ஆர்.டி.ன்னு ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு வரியிலயும் நாலே நாலு விஷயம்: கருவி எது, கால் எது, போய்ச் சேர்ற கம்பியோட பேரு, அப்புறம் ஒரு எண். பார்க்க டாலர் பி.ஐ.ஆரோட தம்பி மாதிரிதான் இருக்கும்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். இது வெறும் அட்டவணை இல்லை, நிரல். பைட்கோடா இருக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் அதைத் தனக்குள்ள ஓட்டணும். "நான் பழைய 8259-ஐப் பயன்படுத்துறேன்"னு சொன்னா ஒரு பட்டியல் தரும், "புது ஏபிக்"னு சொன்னா வேற பட்டியல் தரும். சாட்சி கூண்டுல ஏறினதும், "கேக்கிறது யாருங்க?"ன்னு விசாரிச்சுட்டு பதில் சொன்னா எப்படி இருக்கும்? அப்படி.

நிஜமாவே விசாரிக்கும்! ஓ.எஸ்.ஐ.ன்னு ஒரு கேள்வி இருக்கு. ஃபர்ம்வேர் "நீ இந்த விண்டோஸா?"ன்னு பேரைச் சொல்லிக் கேக்கும். லினக்ஸ் என்ன பண்ணும் தெரியுமா? "ஆமாங்க, நான் அந்த விண்டோஸ்தான்"னு கூசாம சொல்லும். ஏன்னா பயாஸ் எழுதறவங்க சோதிச்சுப் பார்க்கிறது விண்டோஸ்ல மட்டும்தான், அந்தப் பாதையில போனாதான் கல்லு முள்ளு குறைவு. "நீ லினக்ஸா?"ன்னு கேட்டா? 2007-ல வந்த 2.6.23-லேர்ந்து, அப்படிக் கேட்டா "இல்லை"ன்னு சொல்லும். தன் பேரைத் தானே மறுக்குது! லினக்ஸுக்குன்னு பயாஸ்ல எழுதி வச்ச பாதை உதவினதை விட உபத்திரவம் பண்ணினதுதான் அதிகம்னு அனுபவத்துல கத்துக்கிட்டாங்க.

இங்க பில் கேட்ஸ் மெயிலைச் சொல்லாம விட முடியாது. 1999 ஜனவரில அவர் எழுதினது, அயோவா மாநிலத்துல நடந்த ஒரு வழக்குல ஆவணமா வெளிய வந்துச்சு. நாம கூட்டாளிகளோட கஷ்டப்பட்டு இதைச் செஞ்சு முடிச்சு, லினக்ஸ் சும்மா வந்து நல்லா ஓடிட்டா சங்கடமா இருக்குமே, இதை விண்டோஸுக்கு மட்டும்ங்கிற மாதிரி ஏதாவது பண்ண முடியாதாங்கிற தொனியில இருக்கும். இதைப் பிடிச்சுக்கிட்டு இணையத்துல ஏகப்பட்ட கும்மி நடந்திருக்கு. என் அபிப்பிராயம், சதி தேவையே படலை. தயாரிக்கிறவன் ஒரே ஒரு வாசகனை வச்சுத்தான் எழுதினதைச் சரிபார்க்கிறான்னா, மத்த வாசகனுக்கு அது புரியாமப் போறதுக்கு தனியா யாரும் மெனக்கெட வேண்டாம்.

மூணாவது கோஷ்டி ஏ.ஆர்.எம். இவங்க எழுதியே வைக்கலை. அதாவது ஃபர்ம்வேர்ல எழுதலை, லினக்ஸ் கர்னலுக்குள்ளயே ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு. நோக்கியா என்-900 போன் (2009) ஞாபகம் இருக்கிறவங்க இருப்பீங்க. அதோட கம்பிகளெல்லாம் கர்னல்ல 'ஆர்.எக்ஸ்.51'ங்கிற பேர்ல சி கோடா உக்காந்திருந்துச்சு. பூட்லோடர் கர்னலுக்குச் சொல்றது முக்கியமா ஒரே ஒரு எண், "இது இத்தனாவது மெஷின்". அந்த எண் ஆர்-1 ரிஜிஸ்டர்ல வரும், கர்னல் அதை வச்சு போர்டு கோப்பைத் தேடிக்கும். போன்கள் பெருகப் பெருக கோப்பும் பெருகுச்சு. ஒரு எல்.இ.டி. இடம் மாறினா கூட கர்னலை மாத்தணும். 2011 மார்ச்ல லைனஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, அச்சுல ஏத்த முடியாத வார்த்தையோட ஏ.ஆர்.எம். ஆளுங்களைத் திட்டினார்.

மருந்து பக்கத்து வீட்லயே இருந்துச்சு. லினக்ஸோட பவர்பிசி பகுதியைப் பார்த்துக்கிட்ட பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட், 2005-லயே ஒரு வேலை பண்ணியிருந்தார். ஓபன் ஃபர்ம்வேர் முழுசா எல்லா குட்டி போர்டுலயும் வைக்க முடியாது. ஃபோர்த் வேண்டாம், 'ஓகே' குறி வேண்டாம், அந்த மரத்தை மட்டும் எடுத்து உலர்த்தி ஒரு கோப்பா மடிச்சுக் கொடுத்தா போதும்னு முடிவு பண்ணினாங்க. மாவடு மாதிரி. மரம் வேண்டாம், ஜாடி போதும் :-) கோப்போட முதல் நாலு பைட் பதினாறடிமானத்துல 'டூட் ஃபீட்'னு வாசிக்கிற மாதிரி இருக்கும். இதுதான் டிவைஸ் ட்ரீ. 2011-க்கு அப்புறம் ஏ.ஆர்.எம். உலகம் மொத்தமா இதுக்கு மாற ஆரம்பிச்சு, 2012 டிசம்பர்ல வந்த 3.7-ல, ஒரே கர்னல் பல கம்பெனி சில்லுல பூட் ஆகுற நிலைக்கு வந்தாங்க.

பேருதான் மரம். உண்மையில அது மரமே இல்லை, அதுதான் அழகு. மரத்துல ஒரு கிளைக்கு ஒரே அப்பாதான். ஒரு கேமரா சென்சாரை எடுத்துக்கோங்க. அதுக்குக் கட்டளை ஐ-2-சி கம்பியில வருது. அதனால மரத்துல அது ஐ-2-சி-யோட பிள்ளை. ஆனா மின்சாரம் வேற சில்லுலேர்ந்து வருது. கடிகாரத் துடிப்பு இன்னொண்ணுலேர்ந்து. படம் போறது வேறெங்கயோ. ஒரு அப்பா போதாது, மாமா சித்தப்பா எல்லாம் வேணும். அதுக்குத்தான் 'ஃபேண்டில்'னு ஒண்ணு. ஒவ்வொரு முனைக்கும் ஒரு எண், அந்த எண்ணைச் சொல்லி யாரும் யாரையும் சுட்டலாம். கேமரா, டிஸ்ப்ளே மாதிரி தரவு பாயுற இணைப்புக்கு இன்னும் ஒரு படி மேல. ரெண்டு பக்கமும் 'எண்ட்பாயிண்ட்'னு ஒரு முனை வச்சு, இவர் அவரைச் சுட்ட, அவர் இவரைச் சுட்ட, ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போகணும். கம்பிக்கு ரெண்டு நுனி இருக்குன்னு ஒருவழியா ஒத்துக்கிட்ட முதல் எழுத்துமுறை இதுதான்னு எனக்குத் தோணும்.

ஏ.சி.பி.ஐ. ஆளுங்களும் சும்மா இருக்கலை. 2014-ல வந்த 5.1-ல, கருவிக்கு இஷ்டம் போல பண்புகளும் சுட்டிகளும் எழுத இடம் கொடுத்தாங்க. 'பி.ஆர்.பி.0001'னு ஒரு பேரைக் கருவிக்கு வச்சா, "இவரை டிவைஸ் ட்ரீ பேரை வச்சே கண்டுபிடிச்சுக்கோ"ன்னு அர்த்தம். இருபது வருஷம் சண்டை போட்டுட்டு சம்பந்தி ஆயிட்டாங்க. 2020-ல வந்த ஆப்பிள் எம்-1 மேக்குக்குள்ளயும் ஓபன் ஃபர்ம்வேர் வம்சத்துல வந்த மரம் ஒண்ணு இருக்கு. அசாஹி லினக்ஸ் குழுவோட பூட்லோடர் அதைப் படிச்சு, லினக்ஸுக்கு வேண்டிய மரத்துல நிரப்பிக் கொடுக்குது.

எல்லாம் சுபம்னு நினைச்சா, லேப்டாப் கேமரா வந்து நிக்குது. யு.எஸ்.பி.யில வர்ற கேமரா தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கும், பிரச்சினையில்லை. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மாதிரி சில மாடல்கள்ல சென்சார் நேரா இண்டெல் படச் சில்லுக்குப் போகும். அங்க எந்த சென்சார் எந்த நுழைவுக்குப் போகுதுங்கிற தகவல், பொதுவான எண்ட்பாயிண்ட் முறையில எழுதப்படலை. விண்டோஸ் டிரைவருக்கு மட்டும் புரியற ஒரு பைட் மூட்டையா ஏ.சி.பி.ஐ.க்குள்ள கிடந்துச்சு. லினக்ஸ்ல கேமரா வேலை செய்யலை. தன்னார்வலர்கள் அந்த மூட்டையைப் பிரிச்சு, அதிலேர்ந்து எண்ட்பாயிண்ட்டுகளைக் கர்னல்லயே உருவாக்கிக் கொடுக்கிற ஒரு பாலம் எழுதினாங்க. 2021-ல லினக்ஸ் 5.12-ல வந்துச்சு. அந்தப் பாலத்துல ஆதரிக்கிற சென்சார்களோட பட்டியல் இருக்கு. எங்க? கர்னலுக்குள்ள, சி கோடுல. என்-900 கதை ஞாபகம் வருதா? அதே 2021-ல ஏ.சி.பி.ஐ. 6.4-ல கேமரா இணைப்பை எழுத முறையான ஒரு வடிவம் சேர்த்தாங்க. அதுக்கு முன்னாடி வித்த லேப்டாப்புக்கு அந்தப் பாலம்தான் கதி.

சரி, என் பூஜ்யத்துக்கு வருவோம்.

ஏ.ஆர்.எம்.மோட இன்டரப்ட் கட்டுப்பாட்டுச் சில்லுல முதல் 32 எண் பிராசஸர்களோட சொந்த உபயோகத்துக்கு. வெளிக் கருவிகளோட எண் 32-லேர்ந்துதான் ஆரம்பிக்கும். சில்லு கையேடு முதல்லேர்ந்து எண்ணும். டிவைஸ் ட்ரீ வெளிக் கருவிகளை மட்டும் தனியா, 0-லேர்ந்து எண்ணும். நண்பர் கம்பியை ஒழுங்கா இணைச்சு, கையேட்டுப்படி 61னு எழுதிக் கொடுத்திருந்தார். நான் டிவைஸ் ட்ரீயில 32-ஐக் கழிச்சு 29னு போட்டிருக்கணும். 61-ஐ அப்படியே தூக்கிப் போட்டேன். கர்னல் 93-வது வாசல்ல காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அந்த வாசல்ல மணியே கிடையாது, எதிர்காலத்துக்குன்னு ஒதுக்கின இடம். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மூணு நாளா நான் முறைச்சுப் பார்த்த அதே வரியில, 0-க்கு நாலு கட்டம் தள்ளி, 93னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு.

மாத்தினது ரெண்டு இலக்கம். பூட் பண்ணினதும் எண்ணிக்கை கடகடன்னு ஏற ஆரம்பிச்சது. அப்புறம் மன்னிப்பு மெயில் ஒண்ணு எழுதினேன், மேனேஜருக்கும் காப்பி போட்டு. நண்பர் பதில் போட்டார், ஒரு ஸ்மைலியும் "கேன்டீன்ல பிரியாணி"ங்கிற ரெண்டு வார்த்தையும். வாங்கிக் கொடுத்தாச்சு.

அட்டவணையில அந்த வரிக்கு மேல இப்ப ஒரு குறிப்பு இருக்கு: 'கையேட்டில் 61, இங்கே 29, கழித்தல் 32'. அடுத்து வர்ற ஆளுக்கு.